அறுகம் குடா: மெயின் பாயிண்டா, விஸ்கி பாயிண்டா?

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம் குடாவில் அலைச்சறுக்குக்கு (சர்ஃபிங்) இந்த இரண்டு இடங்களில் எதற்குப் போவது? இரண்டுமே வலப்பக்கம் உடையும் அலைகள்தான், அதாவது சறுக்குபவருக்கு வலப்பக்கமாக ஓடுபவை. சீசன் மே முதல் அக்டோபர் வரை.

போக: மெயினுக்குக் கடற்கரையோரம் நடந்தே போகலாம், விஸ்கிக்குப் பக்கத்து ஊரான பொத்துவில் தாண்டி ஆட்டோ.

அடித்தளம்: மெயினில் பாறையும் பவளமும். விழும்போது தலைகுப்புறப் பாயக் கூடாது. உடலைத் தட்டையாக்கி விழுங்கள். ஆழமில்லாத இடத்தில் காலை ஊன்றினால் கிழிபடும், கடல் முள்ளெலியும் குத்தும். விஸ்கியில் முனையில் பாறை, உள்ளே மணல்.

கூட்டம்: மெயினில் நெரிசல். அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை. முன்னால் புகுந்தால் திட்டு நிச்சயம்.

பலகை: விஸ்கிக்கு 8 அடி மென்பலகை (நுரைப்பொருள் மேற்பரப்புள்ள சறுக்குப் பலகை) போதும்.

எழுந்து நிற்கவே தடுமாறுகிறீர்களா? விஸ்கி. உடையாத அலைச்சுவரில் பக்கவாட்டில் ஓட்டத் தெரிந்தால் மெயின், அதுவும் விடியலில். பிற்பகல் காற்று அலையைக் கலைத்துவிடும்.