சிங்களம் படிக்க எது நல்லது: கடைவீதியா, கிளாஸா, போனா?

பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் சாதாரண தரப் பிள்ளைகள், கொழும்பில் கடை வேலைக்குப் புறப்படும் தம்பிமார், அரச வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள், கிளினிக்கில் டொக்டர் கேட்பது புரியாமல் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் அம்மாமார். மலையகத்தில் சிங்களம் படிக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். எல்லோருக்கும் ஊரில் கிடைக்கும் பதில் ஒன்றே: "டவுன்ல ஒரு கிளாஸுக்குப் போ." அந்தப் பதில் இவர்களில் ஒரு வகையினருக்கு மட்டும்தான் பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு மூன்று மாதம் கடைவீதிதான் பள்ளிக்கூடம். வாய் கொஞ்சம் பழகிய பிறகு எழுத்துக்காகக் கிளாஸ். போன் இரண்டுக்கும் துணை, தனியாக அது போதாது. பரீட்சை எழுதப் போகிறவருக்கு மட்டும் இந்த வரிசை மாறும்.

இப்படிச் சொல்லக் காரணம், தமிழ் பேசுகிறவர் சிங்களத்தில் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சிங்களம் கற்பிக்க 44 வாரம், ஏறக்குறைய 1100 வகுப்பு மணித்தியாலம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கான கணக்கு. தமிழும் அவர்களுக்கு அதே கடினப் பிரிவில்தான் வருகிறது. நமக்கு நிலைமை வேறு. சிங்களம் வடஇந்திய மொழிகளின் குடும்பம் என்றாலும், நூற்றாண்டுக் கணக்காகத் தமிழோடு பழகியதால் வாக்கிய அமைப்பு நம்முடையதைப் போலவே இருக்கிறது. வினை கடைசியில் வரும். "எனக்குப் போகணும்" என்பது "மட்ட யன்ன ஓன". மட்ட என்றால் எனக்கு, யன்ன என்றால் போக, ஓன என்றால் வேணும். சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் உட்கார்ந்துவிடுகிறது. கடைசிச் சொல்லை மாற்றி "புளுவன்" என்று வைத்தால் முடியும், "பே" என்று வைத்தால் முடியாது, "எபா" என்று வைத்தால் வேண்டாம். இந்த நாலு சொல்லையும் பத்து வினைகளையும் சேர்த்தால் நாற்பது வாக்கியம் கையில் இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பேச்சுச் சிங்களத்தில் ஆளுக்கு ஆள் வினை மாறாது. நான் போகிறேன், அவன் போகிறான், நாங்கள் போகிறோம் எல்லாவற்றுக்கும் "யனவா" ஒன்றே. தமிழைப் படிக்கும் சிங்களப் பிள்ளை படும் பாட்டில் பாதிகூட நமக்கு இல்லை.

கடைவீதி

கடைவீதி என்று நான் சொல்வது சந்தை, பஸ் ஸ்டாண்ட், பார்மசி, ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அங்கே பேச்சு சின்னது, திரும்பத் திரும்ப வருவது, கையில் பொருள் இருப்பதால் பாதி அர்த்தம் தானே விளங்குவது. லீக்ஸ் கட்டைத் தூக்கிக் காட்டி "முதலாளி, மேக கீயத?" என்று கேட்கிறீர்கள். அவர் ஒரு விலை சொல்கிறார். எண் புரியவில்லை என்றால் "ஆயெத் கியன்ன" என்கிறீர்கள், திரும்பச் சொல்வார். "அடு கரலா தென்ன" என்றால் குறைத்துத் தரச் சொல்கிறீர்கள். இவ்வளவுதான் பாடம். அடுத்த கடையில் தக்காளிக்கு இதே பாடம், அதற்கடுத்த கடையில் கருவாட்டுக்கு. ஒரு சந்தை நாளில் எண்கள் காதில் விழுகிற அளவுக்கு எந்தக் கிளாஸிலும் விழாது.

போகும் முன் நாலு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "தேருனே நே" என்றால் விளங்கவில்லை. "ஹெமின் கியன்ன" என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். "ஆயெத் கியன்ன" மேலே வந்ததுதான். நாலாவது, "மேகட்ட சிங்களென் மொகக்த கியன்னே?", இதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது? இந்த நாலும் இருந்தால் எதிரே நிற்பவர் எல்லோரும் வாத்தியார் ஆகிவிடுவார்கள். இவை இல்லாமல் போனால் முதல் பதில் புரியாத இடத்திலேயே பேச்சு நின்றுவிடும், அப்புறம் தமிழுக்குத் திரும்பிவிடுவோம். நம் டவுன்களில் கடைக்காரர்கள் பலருக்குத் தமிழ் தெரியும் என்பது இந்த வழியில் உள்ள சங்கடம். அவர் உதவி செய்வதாக நினைத்துத் தமிழில் பதில் சொல்வார். "சிங்களம் பழகுறேன், சிங்களத்துலயே சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தவர்களை நான் பார்த்ததில்லை.

கடைவீதிக்கு இரண்டு பெரிய குறை உண்டு. முதலாவது உச்சரிப்பு. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் விலை புரிந்தால் போதும் என்று அவர் விட்டுவிடுவார், திருத்த மாட்டார். அந்தத் தப்பு நாக்கில் ஊறிப்போகும். இரண்டாவது மரியாதை. இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கட்டட வேலையிலும் கராஜிலும் சேர்ந்த பையன்கள் சீக்கிரம் பேசிவிடுவார்கள், ஆனால் "உம்ப" போட்டுப் பேசப் பழகிவிடுவார்கள். அது நெருங்கிய நண்பர்களுக்குள் "நீ" என்பதற்குப் புழங்கும் சொல். அதே வாயோடு பிரதேச செயலகத்தில் போய் நின்றால், கேட்பவர் அவமதிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். தொடக்கத்தில் நீ, நீங்கள் என்ற சொல்லையே தவிர்த்து, ஐயா, அக்கா, மல்லி (தம்பி), நங்கி (தங்கை), மஹத்தயா (சேர்), மிஸ் என்று முறை வைத்தே கூப்பிடுங்கள். சிங்களவரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அக்கா அங்கேயும் அக்காதான். ஐயா மட்டும் அவர்களுக்கு அண்ணன்.

கிளாஸ்

கடைவீதி விட்ட இடத்தைக் கிளாஸ்தான் நிரப்ப வேண்டும். முக்கியமாக ஒலி. தமிழில் ஒரே க-வை இரண்டு விதமாகப் படிக்கிறோம். சிங்களத்தில் அவை தனித்தனி எழுத்து, தனித்தனி அர்த்தம். "கல" என்று தமிழில் எழுதினால் அது பாறையா, "செய்த" என்பதா என்று தெரியாது. த, ப, ட எல்லாவற்றுக்கும் இதே கதை. ஆனாலும் கடைகளில் விற்கும் முப்பது நாள் புத்தகங்கள் சிங்களத்தைத் தமிழெழுத்தில்தான் அச்சடிக்கின்றன. அதை வைத்துத் தனியாகப் படிக்கிறவர் "பே" என்ற சொல்லைப் பேய் போலவே சொல்லுவார். உண்மையில் அந்த உயிரொலி "பேங்க்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வருவது. நானும் இங்கே தமிழெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், ஆகவே மேலே உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் சிங்களம் தெரிந்த ஒருவர் வாயால் ஒரு தரம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். முழு நெடுங்கணக்கில் 60 எழுத்து என்றாலும், ஒற்றைக் கொம்பு முன்னால் வருவதும் கால் பின்னால் வருவதும் நமக்குத் தெரிந்த ஏற்பாடே. கொம்புக்கு அங்கேயும் "கொம்புவ" என்றுதான் பெயர். நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரை ரயிலில் போகிறவர் ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப் பலகையையும் பார்க்கலாம். வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். தெரிந்த ஊர்ப் பெயரை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடிக்க இதைவிட நல்ல அரிச்சுவடி இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் 6 முதல் இரண்டாம் மொழிச் சிங்களப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரியவர்களும் அதிலிருந்தே தொடங்கலாம்.

கிளாஸில் நடக்கும் பிழை எது என்றால், முதல் நாளே எழுத்து நடையைத் தொடங்குவது. "மம யமி, அபி யமு, ஓஹு யய்" என்று கரும்பலகை நிறைய எழுதிப்போடுவார்கள். தப்பில்லை, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் வீதியில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. பிள்ளை அதைச் சொல்லிப் பார்க்கும்போது எதிரே நிற்பவர் சிரித்தால், அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். காசு கட்டுவதற்கு முன் ஒரு பாடம் உட்கார்ந்து பாருங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் மாணவர்கள் எத்தனை முறை வாய் திறந்தார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் மட்டுமே பேசினால் அது எழுதிக்கொள்ளும் கிளாஸ், பேசும் கிளாஸ் இல்லை.

அரச வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் கிளாஸ் முதலில் வர வேண்டும். 2007 ஜூலை முதல் சேரும் அரச ஊழியர் மற்ற அரச கரும மொழியில் ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று விதி. அதில் எழுதவும் வாசிக்கவும் வேண்டும், அங்கே எழுத்து நடை தேவை. அரச கரும மொழிகள் திணைக்களமும் அகலவத்தையில் உள்ள தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகமும் இதற்காகவே பயிற்சி நடத்துகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிங்களம் படிப்பது தமிழை விட்டுக்கொடுப்பதாகாது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் இருந்து தமிழும் அரச கரும மொழி. நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் கடிதம் எழுதித் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை, எவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசினாலும் அதைக் கேளுங்கள்.

போன்

மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோவில் சிங்களம் இல்லை. யூடியூபில் தமிழ் வழியாகச் சிங்களம் சொல்லித்தரும் காணொளிகள் நிறைய உண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம் என்பது பெரிய வசதி. சிக்னல் எடுக்காத தோட்டம் என்றால் டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் எழுத்து நடையில்தான் தருகிறது, அதை அப்படியே கடையில் சொல்லாதீர்கள்.

போன் உண்மையில் உதவுவது ஞாபகத்துக்கு. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் 1885இலேயே சோதித்துக் காட்டினார். மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பப் பார்ப்பதுதான் மருந்து. ஆன்கி என்ற செயலி அந்த வேலையைச் செய்கிறது, ஆன்ட்ராய்டில் இலவசம். போன் இல்லாதவர் லைட்னர் என்பவர் 1972இல் சொன்ன பெட்டி முறையைச் செய்யலாம். அட்டையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். ஒரு பிஸ்கட் டின்னை மூன்றாகத் தடுத்து, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த தடுப்புக்கு நகர்த்துங்கள், தப்பினால் முதலாவதுக்கே திரும்பும். முதல் தடுப்பை தினமும், நடுவிலுள்ளதை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சிங்களத் தொலைக்காட்சி நாடகங்கள் கொஞ்சம் காது பழகியவருக்கு நல்லது, அதில் பேச்சு நடை. செய்தியைக் கேட்டு மனம் தளர வேண்டாம், அது எழுத்து நடை.

மூன்றையும் விட மேலான ஒன்று

அந்த 2007 விதி சிங்கள அதிகாரிகளுக்கும் பொருந்தும். அவர்கள் தமிழ் படிக்க வேண்டும். தோட்டங்களுக்கு வரும் குடும்ப நல மருத்துவமாது, பொலிஸ் நிலையத்தில் புதிதாக வந்தவர், பக்கத்துப் பாடசாலை ஆசிரியை என்று எத்தனையோ பேர் தமிழுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு சேர்ந்து அரை மணித்தியாலம் தமிழ் மட்டும், அரை மணித்தியாலம் சிங்களம் மட்டும் என்று பேசுங்கள். செலவில்லை. அவர் உங்களைத் திருத்துவார், நீங்கள் அவரைத் திருத்துவீர்கள், இருவருக்கும் தப்புச் சொல்லும் கூச்சம் போய்விடும். கடைவீதியில் கிடைக்காத திருத்தமும் கிளாஸில் கிடைக்காத பேச்சும் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: நேரம். கடிகாரம் பார்த்து மொழியை மாற்றாவிட்டால், யாருக்கு இரண்டாவது மொழி கொஞ்சம் நன்றாக வருகிறதோ அந்த மொழியிலேயே முழு நேரமும் போய்விடும். கிளினிக் போகும் அம்மாவுக்கு மருத்துவமாதுவைப் போல ஒரு ஆசிரியை வேறு யார்? "மெதன ரிதெனவா", இங்கே வலிக்கிறது, என்று இடத்தைத் தொட்டுச் சொல்லப் பழகினாலே பாதிப் பயம் தீரும்.

ஆங்கிலமும் கைத்தொழிலும்

ஆங்கிலத்துக்கு இந்த வரிசை செல்லாது. எல்ல என்ற ஊரிலோ ஹப்புத்தளையிலோ சுற்றுலாப் பயணிகளோடு வேலை செய்கிறவரைத் தவிர, நமக்கு ஆங்கிலக் கடைவீதி கிடையாது. அதற்குக் கிளாஸும் போனும்தான் முன்னுக்கு வரும். டுவோலிங்கோவில் தமிழ் வழியாக ஆங்கிலம் படிக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது உரக்கப் பேச ஓர் ஆள் வேண்டும்.

தையல், வயரிங், மோட்டார் வேலை என்றால் திரும்பவும் ஆளிடம்தான். காணொளியில் ஊசியின் போக்கைப் பார்க்கலாம், துணியை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பது பக்கத்தில் இருந்து கை பிடித்துக் காட்டினால்தான் வரும். ஹட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் சேர முடிந்தால் நல்லது. சேர முடியாமல் ஒரு கராஜிலோ தையல் கடையிலோ வருடக் கணக்கில் வேலை பழகியவர், சான்றிதழ் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். என்விகியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறையில் முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஏற்பாடு இருக்கிறது. தேசிய பயிலுநர் அதிகார சபையில் விசாரியுங்கள். செய்த வேலைகளுக்கான ஆதாரத்தைக் கேட்பார்கள், வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். ஆகவே இன்றிலிருந்தே தைத்த உடுப்பு, முடித்த வேலை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.