ஒரே லாரி, இரண்டு ஆல்பம்; எதிரே அபே ரோடு

எழுபதுகளின் ராக் இசையில் எது பெரிய ஆல்பம் என்று பேச்சு எழுந்தால் மூன்று பெயர்கள் வராமல் இருக்காது. லெட் செப்பலினின் பெயரிடப்படாத நான்காவது ஆல்பம் (நவம்பர் 1971), டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ (மார்ச் 1972), பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (மார்ச் 1973). பதினாறே மாதத்துக்குள் வந்த மூன்று தட்டுகள். வாதம் வழக்கமாகச் செப்பலினா பர்ப்பிளா என்று தொடங்கி, பாடகரில் ராபர்ட் பிளான்ட்டா இயன் கில்லனா, கிட்டாரில் ஜிம்மி பேஜா ரிச்சி பிளாக்மோரா என்று ஆள்மீதே போய் நின்றுவிடும். அதைவிட, எந்த அறையில், எப்படிப் பதிவு செய்தார்கள் என்று பார்த்தால் இந்த மூன்றும் ஏன் மூன்று விதமாக ஒலிக்கின்றன என்பது சட்டென்று பிடிபடும்.

முடிவை மறைத்து வைக்க வேண்டியதில்லை. தனிப்பாட்டு என்று எடுத்தால் செப்பலின் தொட்ட உயரத்தை மற்ற இருவரும் தொடவில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மூச்சில் கேட்பதென்றால் ஃப்ளாய்ட். ஆனால் ஐந்து பேர் ஒரே இடத்தில் நின்று வாசிக்கும் ராக் பேண்ட் எப்படி ஒலிக்கும் என்று தெரிய ஒரே ஒரு ஆல்பம்தான் எடுக்கலாம் என்றால், அது ‘மெஷின் ஹெட்’. என் ஓட்டு அதற்கே. காரணங்கள் கீழே.

லாரியும் மாடிப்படியும்

முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரி. கன்ட்ரோல் ரூம் முழுவதும் லாரிக்குள். மைக் கேபிள்கள் மட்டும் கட்டடத்துக்குள் போகும். 1971 தொடக்கத்தில் அந்த லாரி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் வாசலில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் நின்றது. சாதனம் ஒன்றுதான். ஒலியோ மலைக்கும் மடுவுக்கும்.

ஹெட்லி கிரேஞ்சில் செப்பலின் குழுவினர் அறையையே ஒரு வாத்தியமாக ஆக்கினார்கள். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்கு ஜான் பான்ஹமின் ட்ரம்ஸை மாடிப்படியின் அடியில் இருந்த உயரமான கூடத்தில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு பெயர்டைனமிக் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். ட்ரம்ஸுக்கு அருகில் ஒரு மைக்கும் இல்லை. அந்த ஒலியைக் கம்ப்ரஸரில் நன்றாக அழுத்தி, கூடவே பின்சன் எக்கோ கருவியையும் சேர்த்தார்கள். கம்ப்ரஸர் அடியின் உச்சியைத் தட்டிக் குறைக்கிறது. அடி ஓய்ந்ததும் பிடியை விடுகிறது. அப்போது கூடத்தின் எதிரொலி உப்பி மேலே வருகிறது. அந்த ட்ரம்ஸ் மூச்சு வாங்குவதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுதான். இது போதாதென்று, பதிவான டேப்பின் வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும், ஒலியும் கெட்டியாகும். வீட்டில் இதே ஒலியைக் கொண்டுவர முயல்பவர்கள் பெரும்பாலும் தவறுவது ஓர் இடத்தில்தான்: ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் வைத்துவிட்டு மென்பொருளில் எதிரொலி சேர்ப்பார்கள். பக்கத்து மைக்கில் பதிவான அடியில் அறையே இல்லை. பிறகு எவ்வளவு எதிரொலி சேர்த்தாலும் ட்ரம்ஸ் ஓரிடத்திலும் அறை வேறோரிடத்திலுமாகத்தான் நிற்கும்.

‘பிளாக் டாக்’ இன்னொரு பாடம். பேஸ் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டு) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்ணப் போனால் கணக்கு உதைக்கும். பான்ஹம் பெரும்பாலும் நேரான நான்கு எண்ணிக்கைத் தாளத்தையே பிடித்துக்கொண்டு போக, கிட்டாரும் பேஸும் அதன் குறுக்கே நடக்கின்றன. ஆகவே கிட்டாரை எண்ணாதீர்கள், ட்ரம்ஸை எண்ணுங்கள். பிளான்ட் தனியாகப் பாடி முடித்ததும், ரிஃப் எடுப்பதற்குச் சற்று முன், ட்ரம்ஸ் குச்சிகள் தட்டுப்படும் மெல்லிய சத்தம் ஹெட்ஃபோனில் கேட்கும். எல்லோரும் சேர்ந்து இறங்கப் பான்ஹம் கொடுக்கும் கணக்கு அது. அழிக்காமல் விட்டிருக்கிறார்கள், நல்ல காரியம்.

‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஹெட்லி கிரேஞ்சில் உருவானாலும் லண்டன் ஐலண்ட் ஸ்டுடியோவில்தான் பதிவானது. எட்டு நிமிடப் பாட்டில் ட்ரம்ஸ் நுழையவே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பொறுமைதான் அதன் பலம். சோலோவை பேஜ் வாசித்தது அவர் கையில் அதிகம் காணப்படும் லெஸ் பால் கிட்டாரில் அல்ல, பழைய டெலிகாஸ்டரில். இதை அறிந்துகொண்டு கேட்டால் அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

குறையும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் ‘மிஸ்டி மவுன்டன் ஹாப்’பும் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ஸும் முதல் பக்கத்தின் தரத்துக்கு வரவில்லை. ஃபோர் ஸ்டிக்ஸில் பான்ஹம் கைக்கு இரண்டு குச்சியாக நான்கு குச்சிகளால் வாசிக்கிறார்; ஐந்தும் ஆறும் மாறி மாறி வரும் தாளம். வாசிப்பு அபாரம். பாட்டு அவ்வளவு நிற்கவில்லை.

மெத்தை அடைத்த தாழ்வாரம்

டீப் பர்ப்பிள் மான்ட்ரோ போனது அங்கிருந்த கேசினோவில் பதிவு செய்ய. 1971 டிசம்பர் 4 அன்று ஃபிராங்க் சாப்பா குழுவின் கச்சேரியில் யாரோ கூரையை நோக்கித் தீப்பொறித் துப்பாக்கியால் சுட, கேசினோ எரிந்தே போனது. ஏரிமேல் பரவிய அந்தப் புகைதான் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. அடுத்து பெவிலியன் என்ற அரங்குக்குப் போனார்கள். அந்தப் பாட்டின் அடிப்படை வாசிப்பு அங்கே பதிவானதோடு சரி. அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி எதிரொலியை அடைத்து வாசித்தார்கள்.

செப்பலின் எதிரொலியைத் தேடிப் போனது. பர்ப்பிள் அதை அடைத்தது. இரண்டு ஆல்பத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. மெஷின் ஹெட்டில் ட்ரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸின் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு ட்ரம்) காய்ந்து, குறுகி, முகத்துக்கு நேராக விழுகிறது. அறை குறுக்கே வராததால் அவர் இடது கையால் நடுநடுவே தட்டும் மெல்லிய அடிகள்கூட விட்டுப்போகாமல் கேட்கின்றன. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ தொடக்கத்து ட்ரம்ஸ், நடுவில் ரோஜர் குளோவரின் பேஸ் சோலோ இரண்டையும் கேட்டால் போதும். இதே வாசிப்பை ஹெட்லி கிரேஞ்சின் கூடத்தில் பதிந்திருந்தால் பாதி அடிகள் எதிரொலியில் கரைந்திருக்கும்.

இன்னொரு விஷயம். பதிவானதைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் வழியாகச் சுற்றி லாரிக்குப் போக வேண்டும். சலித்துப்போய், கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் சரி என்றால் அடுத்த பாட்டு. நோண்டி நோண்டித் திருத்தாமல் விட்டதால்தான் அந்த வாசிப்பில் இன்றும் சூடு இருக்கிறது.

இந்த ஆல்பத்தில் கிட்டாரை மட்டும் கேட்பவர்கள் பாதியை இழக்கிறார்கள். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒலிக்கவிட்டார். ஆர்கனும் கிட்டாரைப் போலவே உறுமுகிறது. ஸ்மோக் ஆன் தி வாட்டரின் தொடக்கத்தில் முதலில் கிட்டார் தனியாக, பிறகு ஹை-ஹேட் என்ற இரட்டைத் தட்டோடு ஆர்கன், பிறகு முழு ட்ரம்ஸ், அதன்பின் பேஸ், கடைசியில் குரல். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆள் சேருவதைக் கவனித்துக் கேளுங்கள். ரிஃப் மாறாமலே எடை கூடிக்கொண்டு போகும்.

கிட்டார் கற்கும் எல்லோரும் இந்த ரிஃபை வாசிக்கிறார்கள், பலரும் தவறாக. மூல சுருதியைக் கீழே வைத்து ஐந்தாம் சுரத்தை மேலே சேர்க்கும் பவர் கார்டில் வாசித்தால் அது மந்தமாகிவிடும். பிளாக்மோர் வாசிப்பது நான்காம் சுர இடைவெளியில் இரண்டே தந்திகள். டி, ஜி தந்திகளைச் சேர்த்து 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 என்று வாசியுங்கள் (எண்கள் விரல் வைக்கும் ஃப்ரெட்டைக் குறிக்கும்; 0 என்றால் விரல் வைக்காத தந்தி). தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் வேண்டாம். பிக்கில் அடித்தால் ஒரு தந்தி முந்தும், மற்றது பிந்தும். இரண்டு விரல்களால் ஒரே சமயத்தில் சுண்டினால்தான் அந்தக் கடித்த ஓசை வரும்.

குறை என்றால் ‘நெவர் பிஃபோர்’. சிங்கிளாக (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டாக) போடவென்றே தேர்ந்தெடுத்த பாட்டு, ஆல்பத்திலேயே சோர்ந்தது. அதே சிங்கிளின் மறுபக்கத்தில் தள்ளப்பட்ட ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ ஆல்பத்தில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1973-இல் நான்காம் இடம் வரை ஏறிய சிங்கிள் ஸ்மோக் ஆன் தி வாட்டர். தங்கள் சரக்கின் மதிப்பு அவர்களுக்கே முதலில் தெரியவில்லை.

எதிர்க்கரையில் ஃப்ளாய்ட்

லாரியும் தாழ்வாரமும் ஒரு பக்கம் என்றால், லண்டன் அபே ரோட்டின் இஎம்ஐ ஸ்டுடியோ நேர் எதிர்ப்பக்கம். 1972 ஜூன் முதல் 1973 தொடக்கம் வரை, 16 ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் 16 டிராக் டேப்பில், நிதானமாக. ஆனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஆல்பம் என்று நினைக்கக் கூடாது. 1972 ஜனவரியிலிருந்தே மேடையில் முழுத் தொகுப்பாக வாசித்து, பழகி, திருத்திய பிறகுதான் பதிவுக்கே போனார்கள். வரிசை அவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு இது முக்கியக் காரணம்.

‘மணி’ பாட்டின் முன்னால் வரும் காசு, காகிதம், கல்லாப்பெட்டி ஓசைகளைத் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை ஸ்கேல் வைத்து அளந்து, சம நீளத் துண்டுகளாக வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம் அந்த வளையத்திலிருந்தே தொடங்குகிறது. டிக் பாரியின் சாக்ஸஃபோன் ஏழிலேயே போகும். டேவிட் கில்மரின் கிட்டார் சோலோ வந்ததும் தாளம் நான்குக்கு மாறும். அந்த இடத்தில் பாட்டு திடீரென்று கட்டவிழ்ந்து ஓடுவதுபோல் தோன்றுவது அதனால்தான். ‘டைம்’ பாட்டின் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழங்காலக் கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் சொற்களே இல்லாமல் பாடும் கிளேர் டோரிக்கு அன்று கிடைத்த ஊதியம் 30 பவுண்டு. இணை இசையமைப்பாளர் என்ற இடம் 2005-இல்தான், வழக்குப் போட்ட பிறகு, வந்தது. அந்தப் பாட்டில் அவர் பங்கு எவ்வளவு என்பது காது உள்ள யாருக்கும் தெரியும்.

ஃப்ளாய்டின் பலவீனம் அதன் பலத்தோடு ஒட்டியே இருக்கிறது. தனியாகப் பிய்த்தெடுத்தால் ‘ஆன் தி ரன்’ வெறும் சிந்தசைசர் சோதனை. ‘எனி கலர் யூ லைக்’ ஒரு பாலம், அவ்வளவே. தொகுப்பில் வைத்தால் இரண்டுமே அவசியம்.

கேட்கும்போது கெடுப்பவை

செயலியில் ஃப்ளாய்டைக் கேட்பவர்கள் முதலில் இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விடாமல் ஒலிக்கும் வசதி இயங்க வேண்டும். ஒரு பாட்டு மங்க மங்க அடுத்ததை ஏற்றும் கிராஸ்ஃபேட் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘பிரெயின் டேமேஜ்’ ‘எக்லிப்ஸ்’ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வெட்டு விழும். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி பாட்டு வாரியாக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தொடக்கத்து இதயத் துடிப்பு மெதுவாக ஏறி வரவேண்டியது. அதைத் தூக்கிவிட்டால் ஏற்றமே இல்லாமல் போகும்.

எல்பி தட்டில் கேட்பவர்களுக்குச் சிக்கல் வேறு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், விளிம்பில் ஊசியின் அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளம் ஓடும். நடுவட்டத்தை நெருங்கும்போது அது 21 ஆகிவிடும். அதே ஒலியைப் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால் உரத்த பகுதிகள் அங்கே சிதறும். செப்பலினுக்கு இது பெரிய தலைவலி: ஸ்டேர்வேயின் உச்சமும் லெவி பிரேக்ஸும் விழுவது சரியாக அந்த உள்வட்டத்தில். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். ஊசியின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் நடுவிலோ சற்று மேலோ வையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை தவறு. பிடிப்பு இல்லாமல் துள்ளும் ஊசிதான் பள்ளத்தை அதிகம் கெடுக்கும். மெஷின் ஹெட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டு பக்கமும் 20 நிமிடத்துக்குள் அடங்குகின்றன. ஃப்ளாய்டின் இரண்டாம் பக்கம் 23 நிமிடத்தைத் தாண்டும்.

எந்தப் பதிப்பு? செப்பலினுக்கு பேஜ் மேற்பார்வையிட்ட 2014 வெளியீடு. கூடவரும் இரண்டாம் தட்டில் ஸ்டேர்வே, லெவி பிரேக்ஸ் இரண்டின் மாற்று மிக்ஸ்கள் (பதிவான தனித்தனி ஒலிகளை வேறு அளவில் கலந்தவை) இருப்பதால் ஒப்பிட்டுப் பழகலாம். மெஷின் ஹெட்டின் 1997 பதிப்பில் குளோவர் செய்த புது மிக்ஸ் தெளிவானது, ஆனால் 1972-இல் வந்த ஆல்பம் அல்ல. முதலில் அசல் மிக்ஸைக் கேட்டுவிட்டு அதற்கு வாருங்கள். 2024 பதிப்புக்குப் புது மிக்ஸ் செய்தவர் ட்வீசில் சாப்பா, அன்று கேசினோ மேடையில் நின்ற ஃபிராங்க் சாப்பாவின் மகன். ஃப்ளாய்டுக்கு சாதாரண ஸ்டீரியோவே போதும். நல்ல சரவுண்ட் வசதி இருந்தால் ஜேம்ஸ் கத்ரியின் 2003 மிக்ஸ்.

மூன்றும் கையில் இருந்தால், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் லெவி பிரேக்ஸின் முதல் அரை நிமிடத்தைக் கேளுங்கள், குரல் தொடங்குமுன் நிறுத்துங்கள். உடனே, ஒலி அளவை மாற்றாமல், ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’னின் பின்பாதியில் பெய்ஸ் ட்ரம்ஸை உருட்டும் இடத்தை வையுங்கள். முதலாவதில் சுவர்கள் கேட்கும். இரண்டாவதில் குச்சி தோலில் படுவது கேட்கும். லாரி ஒன்றேதான்.