சர்வீஸ் சென்டரில் 'எலி ட்ரீட்மென்ட்' செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளும் முன் இதைப் படியுங்கள்

நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குத் தரைத்தளத்தில்தான் கார் பார்க்கிங். மழை பிடித்துவிட்டால் சாக்கடையோர வளைகளில் தண்ணீர் ஏறி, எலியும் பெருச்சாளியும் மேட்டைத் தேடி வந்துவிடும். கதகதப்பாக, நாய் பூனை எட்டாத இடமாக அவற்றுக்குக் கிடைப்பது கார் பானெட்தான். போன நவம்பரில் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயைக் கடித்துவிட்டது. சின்னச் சேதம். வழக்கமாகப் போகும் சர்வீஸ் சென்டரில் விட்டேன்.

அங்கே அட்வைசர் சொன்னார்: "இன்னைக்குக் குழாயோட போச்சு சார். நாளைக்கு வயரிங்கைக் கடிச்சா நாற்பதாயிரம் ஆகும். இப்பவே ட்ரீட்மென்ட் பண்ணிக்குங்க, ஆறு மாசத்துக்கு எலி கிட்டயே வராது." மருந்து அடிக்க 1,650 ரூபாய். கூடவே பேட்டரியில் இணைக்கும் ஒலிக் கருவி ஒன்று, 1,900 ரூபாய். அதன் சத்தம் எலிக்கு மட்டும்தான் கேட்குமாம். ஏற்கெனவே பயந்துபோயிருந்த நான் இரண்டுக்கும் சரி என்றேன். வண்டி வந்தபோது பானெட்டுக்குள் எலுமிச்சைப்புல் வாசனை தூக்கியது, அவ்வளவுதான். ஆறு மாதம் என்று வாயால் சொன்னதை பில்லில் எழுதித் தரும்படி நான் கேட்கவில்லை. என் தவறு அது ஒன்றுதான்.

பொங்கலுக்குப் பதினோரு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் காலை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்தேன். பேட்டரி மேல் கூடு. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பிய்த்துக் கொண்டுவந்து மெத்தை போல் பரப்பியிருந்தது. அதில் ஒரு தேங்காய்ச் சில்லு, பாதி முறுக்கு. ஒரு சாண் தள்ளி அந்த ஒலிக் கருவி பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது. அதன் வயரிலேயே பல் பதிந்திருந்தது. அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவைத்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்து அதே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். மேலாகப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் தந்தார்கள்: என்ஜின் வயரிங் முழுதாக மாற்ற வேண்டும், 41,300 ரூபாய். எந்த வயரைக் கடித்திருக்கிறது, காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் பிரிச்சுப் பார்க்க முடியாது சார், செட்டாத்தான் மாத்துவோம்." சரி, ஆறு மாதம் எலி வராது என்றீர்களே என்றால், "அது வராம இருக்கத்தான் சார், கடிச்சா நாங்க பொறுப்பில்லை" என்கிறார். அடித்த மருந்தின் பெயர் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. டப்பாவைக் கேட்டேன், காட்டவில்லை. இப்போதைய வயர் எல்லாம் சோயாவில் செய்கிறார்கள், அதனால்தான் எலிக்குப் பிடிக்கிறது என்று ஒரு விளக்கம் மட்டும் வந்தது. வீட்டு கேபிள் வயரையும் சோப்பையும் பிளாஸ்டிக் வாளியையும் எலி கடிக்கிறதே, அதெல்லாம் சோயாவா? எலிக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கண்டதைக் கொறித்துத்தான் தேய்க்கும்.

என் இன்சூரன்ஸில் எலிக்கடி சேராது என்று கையை விரித்துவிட்டார்கள். உங்கள் பாலிசியில் எப்படி என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை வெளியே எடுக்க 900 ரூபாய் செக்கிங் சார்ஜ் கட்டி, ஆதம்பாக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோனேன். அந்த அண்ணன் செய்த முதல் வேலை, வயரைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பொறுமையாக உரித்ததுதான். மொத்தம் நாலு வயர் அறுந்திருந்தது. அதில் ஒன்று கிராங்க் சென்சாருக்குப் போவது. "இது போனா எங்க சார் ஸ்டார்ட் ஆகும்?" என்று என் விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் சால்டர் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு, புது டேப் சுற்றி, ஸ்கேனர் போட்டு எரர் அழித்துத் தந்தார். மூன்று மணி நேரம், 2,400 ரூபாய். "ஏர்பேக், ஏபிஎஸ் வயரா இருந்தா நான் ஒட்டுப்போட மாட்டேன் சார், மாத்தித்தான் ஆகணும்" என்றும் அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலி இரும்பைத் தாண்டிப் போகாது. என்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எலிக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. சேர்ந்தாலும் சில நாளில் பழகிவிடும். 2001-லேயே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இப்படிப்பட்ட கருவிகளைச் செய்து விற்கும் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரித்துக் கடிதம் எழுதியிருக்கிறது. வாசனை மருந்தோ என்ஜின் சூட்டிலும் மழைத் தண்ணீரிலும் எத்தனை நாள் நிற்கும்?

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். காக்கைக்குச் சோறு வைக்கும் இடத்தையும் குப்பைத் தொட்டியையும் பார்க்கிங்கிலிருந்து தள்ளி வைக்க அசோசியேஷனில் பேசினேன். ஏசிக்குக் காற்று இழுக்கும் வாயில் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை போட்டேன். வண்டியை ஒரு நாள்கூடச் சும்மா விடுவதில்லை. ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கிறார். எலி விஷம் மட்டும் வைக்காதீர்கள், டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் எடுக்கவே முடியாது. கூட்டைச் சுத்தம் செய்யும்போது கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில்தான் பரவுகிறது.

உங்களிடம் முழு வயரிங் மாற்றச் சொன்னால், டேப்பைப் பிரித்துக் கடித்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உத்தரவாதம் என்றால் எத்தனை மாதம், கடித்தால் யார் பொறுப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். கூட்டின் போட்டோ, இரண்டு பில், 41,300 ரூபாய் எஸ்டிமேட், அறுந்த வயர்த் துண்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நேற்று சர்வீஸ் சென்டரிலிருந்து அழைத்து, இன்னொரு முறை மருந்தை இலவசமாக அடித்துத் தருகிறோம் என்றார்கள். மருந்து வேண்டாம், 3,550 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.