கலியாணப் பேச்சுக்காக அமெரிக்கக் கைதுப் பதிவு தேடும் குடும்பங்களின் கவனத்துக்கு

திருகோணமலை நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையையோ பெண்ணையோ பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கடந்த தை மாதம், ‘அமெரிக்கப் பொலிஸ் ரிப்போட் எடுத்துத் தருகிறோம்’ என்று சொன்ன ஒருவரிடம் 32,000 ரூபாய் கொடுத்து நாங்கள் ஏமாந்தோம். பணம் மட்டும் போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையை 11 நாட்கள் எங்கள் வீட்டில் குற்றவாளியாக வைத்துப் பேசினோம் என்பதே என்னை எழுத வைக்கிறது.

என் தங்கையின் மகளுக்கு உவர்மலையில் உள்ள ஒரு குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை டெக்சாஸ் மாநிலத்தில், டலஸ் நகருக்கு வடக்கே உள்ள பிளேனோ என்ற புறநகரில் வேலை செய்கிறார். சாதகம் பொருந்தி, பத்திரகாளி அம்பாள் கோயிலில் பூவும் வைத்துப் பார்த்த பிறகு, தூரத்து உறவினர் ஒருவர் வந்து, “அந்தப் பெடியனை அங்கே ஒருக்கால் பொலிஸ் பிடித்ததாம்” என்று ஒரு கதையைப் போட்டுவிட்டுப் போனார். யார் சொன்னது, எப்போது நடந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த ஒரு சொல் போதும். தங்கை அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

விசா விண்ணப்பம், விமானச்சீட்டு, போட்டோப் பிரதி எல்லாம் செய்துகொடுக்கும் நகரக் கடையொன்றில் இதற்கும் வழியிருப்பதாக ஒருவர் சொல்ல, நானே தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “ஐயா, இது எப்பிஐ என்ற அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்திலிருந்து நேராக வருகிறது. சாதாரண ஆட்களால் எடுக்க ஏலாது, எங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது” என்றார். முற்பணம் 20,000, ரிப்போட் கைக்கு வந்ததும் 12,000 என்று பேச்சு முடிந்தது. பதிவுக் கட்டணமாக 1 டொலர் மட்டும் எடுக்க வேண்டும் என்று சொல்லி என் மருமகளின் வங்கி அட்டையையும் வாங்கி, அதன் பின்புறத்திலிருந்த 3 இலக்கங்கள் வரை கணினியில் பதிந்துகொண்டார். பற்றுச்சீட்டில் ‘இணைய சேவை’ என்ற இரண்டு சொற்களே இருந்தன.

நான்காம் நாள் 7 பக்க ஆவணம் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். முதற் பக்கத்தில் கழுகுச் சின்னம், அதன் கீழே குற்றப் பதிவு கண்டறியப்பட்டது என்ற பொருளில் சிவப்பு நிறத்தில் பெரிய ஆங்கில எழுத்துகள். மூன்றாம் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர், 2011 ஆகஸ்ட், புளோரிடா மாநிலம், தாக்குதல் என்று இருந்தது. புகைப்படம் இல்லை, வழக்கிலக்கம் இல்லை, எந்த நீதிமன்றம் என்பதும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், இத்தகவலின் சரித்தன்மைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும், தனிநபர் பற்றிய அறிக்கை விற்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் சொல்லும் வகையைச் சேர்ந்த அறிக்கை நிறுவனம் தாங்கள் அல்ல என்றும் அந்த ஆவணத்தை விற்ற தனியார் இணையத்தளமே எழுதியிருந்தது. அந்த வரிகளை அன்று எங்களில் ஒருவரும் வாசிக்கவில்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

டலஸ் பக்கம் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியபோதுதான் எங்கள் கண் திறந்தது. “சேர், அந்தப் பிள்ளை எந்த ஆண்டு பிறந்தவர்?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. மாப்பிள்ளை 1992இல் பிறந்தவர். தாளில் இருந்தவர் 1979இல் பிறந்தவர். 2011 ஆகஸ்டில் எங்கள் மாப்பிள்ளை திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார், அமெரிக்காவுக்குப் போனதே 2017இல்தான். இவ்வளவும் அவருடைய சாதகக் குறிப்பையும் சுயவிபரத்தையும் பார்த்தே நாங்கள் சொல்லியிருக்கக் கூடியவை.

நமது பெயர் முறையால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரே உண்டு. கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ அதன்படி, அமெரிக்கப் பதிவுகளில் சிலருக்குத் தகப்பன் பெயரும் சிலருக்குச் சொந்தப் பெயரும் கடைசிப் பெயராகிவிடுகின்றன. ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். இலங்கையிலிருந்து போனவர்களோடு தமிழ்நாட்டிலிருந்து போனவர்களையும் சேர்த்தால், ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்! பிறந்த திகதி பொருந்தாமல் பெயர் மட்டும் பொருந்துவதை ஒரு சான்றாகவே எடுக்கக் கூடாது.

மாணவர் வீடியோ அழைப்பில் 20 நிமிடங்களில் எல்லாவற்றையும் இலவசமாகவே காட்டினார். அமெரிக்காவில் ஒரு புறநகர் எந்த கவுண்டிக்குள் (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பிளேனோவின் பெரும்பகுதி கொலின் கவுண்டியிலும் ஒரு சிறு பகுதி டென்டன் கவுண்டியிலும் இருப்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். நகரப் பொலிஸ் கைது செய்தாலும், பாரதூரமான வழக்குகள் கவுண்டியில் உள்ள நீதிமன்றங்களுக்கே போகின்றன. கொலின் கவுண்டியின் நீதிமன்றங்களும் ஷெரிப் எனப்படும் கவுண்டிப் பொலிஸ் தலைவரின் தடுப்புச் சிறையும் மெக்கின்னி என்ற நகரில் உள்ளன. தற்போது சிறையில் இருப்பவர்களையும் நீதிமன்ற வழக்குகளையும் பெயர் கொண்டு தேடும் வசதியைக் கவுண்டியே தன் தளத்தில் வைத்திருக்கிறது. தண்டனைத் தீர்ப்புகளை மாநிலம் முழுவதும் தேட வேண்டுமென்றால் டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தளம் இருக்கிறது, அதற்குச் சிறு கட்டணம் மட்டுமே. குறிப்பிட்ட ஒரு கைதைப் பற்றிய அடிப்படை விபரம் வேண்டுமென்றால், டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ், கைது செய்த பொலிஸ் எந்த நகருடையதோ அந்நகருக்கே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்கு அந்நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை, ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால், கலிபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவரைப் பற்றி இதே வழியில் தேட முடியும் என்று எண்ண வேண்டாம்.

எப்பிஐ விடயம் முழுப் பொய். அந்த நிறுவனம் தன்னிடமுள்ள குற்றப் பதிவுச் சுருக்கத்தைச் சம்பந்தப்பட்டவர் தாமே விரலடையாளம் கொடுத்துக் கேட்டால் அவருக்குத் தரும்; கட்டணம் 18 டொலர். பெண் வீட்டாருக்கோ திருகோணமலைக் கடைக்காரருக்கோ தராது. எப்பிஐயில் ஆள் இருக்கிறது என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான கைதுப் பதிவு ஒன்றே கிடைத்தாலும், கைது என்பது தீர்ப்பு அல்ல. வழக்குத் தொடராமல் விடுவிக்கப்பட்டவர்களும், குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவர்களும் கைதுப் பட்டியலில் இருப்பார்கள். நீதிமன்றம் அழிக்கச் சொன்ன பதிவுகளைக்கூட இந்தத் தனியார் தளங்கள் பழைய பிரதிகளில் வைத்து விற்பதுண்டு. வழக்கு எப்படி முடிந்தது என்பதை நீதிமன்றப் பதிவில் பார்க்காமல் ஒரு பிள்ளையைப் பற்றி வாய் திறப்பது பாவம்.

மருமகளின் அட்டையிலிருந்து அடுத்த இரண்டு மாதங்களும் 34 டொலர் வீதம் கழிக்கப்பட்டது. 1 டொலர் என்று சொல்லி அவளை மாதச் சந்தாவில் சேர்த்திருக்கிறார்கள். வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்திய பிறகே கழிப்பது நின்றது. கடைக்காரரிடம் திரும்பப் போனேன். “நான் தேடித் தந்தேன், கிடைத்ததைத் தந்தேன், பெயர் ஒன்றுதானே ஐயா” என்றார். ஒரு சதமும் தரவில்லை.

விடயம் எப்படியோ மாப்பிள்ளை வீட்டாருக்கும் எட்டிவிட்டது. நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவருடைய தகப்பனார் கோபிக்கவில்லை. “என்னிடமே கேட்டிருக்கலாமே, மகனே எப்பிஐ கடிதத்தை எடுத்து அனுப்பியிருப்பான்” என்று மட்டும் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. பேச்சு இப்போது நின்றிருக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்க, பற்றுச்சீட்டு, அந்த 7 பக்கங்கள், வங்கிக் கணக்கறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து வைத்திருக்கிறேன். இதே விதமாகப் பணம் கொடுத்தவர்கள் நகரில் இன்னும் சிலர் இருப்பதாக அறிகிறேன். வெட்கத்தில் அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். ‘இணைய சேவை’ என்ற இரண்டு சொல் பற்றுச்சீட்டு உங்களிடம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்து கொடுக்கும்போது அவையும் வேண்டும்.