கறுத்த குப்பியும் சைக்கிள் கொட்டகைக் குழாயும்

தண்ணீரில் மலக் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க உதவும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகள் பத்து வாங்கி எங்கள் பள்ளி ஆய்வகத்தில் வைத்திருந்தேன். குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட முறை இது. கோடு வரை தண்ணீர் நிரப்பி, குலுக்கி, நிழலில் வைத்தால் போதும். மலத்தோடு வரும் கிருமிகள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால், ஒன்றிரண்டு நாளில் உள்ளே இருக்கும் காகிதமும் தண்ணீரும் மை கொட்டியதுபோல் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

போன ஐப்பசி மழையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேருக்கு இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு. செய்தி கேட்டதும் காவலர் பிளீச்சிங் பவுடர் வாளியோடு தொட்டி ஏணியில் பாதி ஏறிவிட்டார். "அண்ணா, இறங்குங்கள், முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்கிறேன்" என்று தடுத்தேன். மருந்து போட்ட பிறகு பிடித்தால் கிருமி செத்திருக்கும். குப்பி தெளிவாகவே நின்று நம்மை ஏமாற்றும். இதை வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். உள்ளே வைத்திருக்கும் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தத் தாளும் ஆங்கிலத்தில்தான், எறும்பு ஊர்கிற எழுத்தில்.

சுகாதார ஆய்வாளர் வந்ததும் நோய் கண்ட பிள்ளைகள் எங்கே குடித்தார்கள் என்று பட்டியல் போட்டோம். 11 பேர் சைக்கிள் கொட்டகைக் குழாய். நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அவர் விடவில்லை: "டீச்சர், நோய் வராத பிள்ளைகளையும் கேளுங்கள்." அதே வகுப்புகளில் 20 பேரைக் கேட்டோம், அந்தக் குழாயில் குடித்தவர்கள் 4 பேர்தான். சந்தேகம் வலுத்ததால், குப்பிக்காகக் காத்திராமல் அன்று மதியமே குழாயை அடைத்தார். மறுநாள் காலை தொட்டித் தண்ணீர்க் குப்பி தெளிவாக இருந்தது, கொட்டகைக் குப்பி கறுத்திருந்தது. ஆகவே கோளாறு தொட்டியில் இல்லை. மண்ணைத் தோண்டினால், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாயின் இணைப்பு விட்டிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எந்தக் கிருமி என்று குப்பி சொல்லாது. அதற்கு மலப் பரிசோதனைதான் வழி. குளிர்ந்த நாளில் கறுக்கத் தாமதமாகிறது. இரண்டு குப்பிகளின் மூடி கசிந்தது. கறுத்த குப்பியைச் சும்மா திறந்துவிடாதீர்கள், அழுகிய முட்டை நாற்றம் ஆய்வகத்தை விட்டுப் போக அரை நாள் ஆகும். பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவைத்துத்தான் கொட்ட வேண்டும் என்பதால் நான் திறந்தேன், மூக்கை மூடிக்கொண்டு.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்தத் தாளைத் தமிழில் அச்சடித்தால் இன்னும் அரை தருவேன்.