பழைய 911-க்கு பெரிய ரிப்பேர் வந்தா: கம்பெனி சர்வீஸா, வெளி வொர்க்‌ஷாப்பா, ஹாஃப் கட் எஞ்சினா?

கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல என் மாமா பையன் ஒருத்தன் இருக்கான், கேட்டரிங் பிஸ்னஸ் இப்போ நல்லா போகுது, போன மாசம் ராத்திரி பதினொன்னு மணிக்கு "அண்ணே, 2006 போர்ஷ் 911 கரெரா எஸ், வாங்கலாமா"ன்னு நாலு படத்தோட மெசேஜ் போட்டான். படத்துல காடி பளபளன்னு இருக்கு, விலையும் அந்தப் பேருக்கு கொள்ளை மலிவுதான். நான் திருப்பி கேட்டது ஒன்னே ஒன்னு, வாங்கற காச விடுடா, ரிப்பேர் வந்தா எங்க செய்வ, யார் காசுல செய்வ. மறுநாள் ஜாலான் ஈப்போ மமாக் கடையில உக்காந்து மூனு தே தாரிக் முடியற வரைக்கும் அலசினோம், அததான் இங்க எழுதறேன்.

முதல்ல ஓடினாலும் ஓடாட்டாலும் போற காசு, ரோட் டேக்ஸ். இந்த காடி 3,824 சிசி. நம்ம மலேசியாவுல 3,000 சிசி வரைக்கும் 2,130 வெள்ளி (ரிங்கிட்), அதுக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 சென், மொத்தம் வருஷத்துக்கு 5,838 வெள்ளி. வொர்க்‌ஷாப்ல ஆறு மாசம் கெடந்தாலும் இது குறையாது.

அடுத்தது இந்த எஞ்சினோட வியாதி. 2004-லேர்ந்து 2008 வரைக்கும் வந்த சாதாரண 997-ல (இந்த தலைமுறை 911-க்கு கம்பெனி வச்ச நம்பர்) ரெண்டு விஷயத்த உலகம் பூரா பேசறாங்க. ஒன்னு ஐஎம்எஸ் பேரிங், எஞ்சின் உள்ளார ஒரு நடு ஷாஃப்ட்ட தாங்கற பேரிங், அது உடைஞ்சா எஞ்சினே போச்சு. 2006-லேர்ந்து பெரும்பாலும் பெரிய சைஸ் பேரிங் போட்டாங்க, அது பழசவிட உறுதி, ஆனா எஞ்சின ரெண்டா பொளக்காம வெளிய எடுக்க முடியாது. ரெண்டாவது சிலிண்டர் சுவத்துல கோடு விழறது, அதிகமா ஆறாவது சிலிண்டர்லதான். எண்ணெய் குடிக்கும், சூடான பிறகு ஐடில்ல டிக் டிக்னு சத்தம் வரும், ஒரு பக்க டெயில்பைப் மட்டும் கரியா இருக்கும். அதே 997-ல டர்போ, ஜிடி3 மாடலுக்கு வேற எஞ்சின், அதுல இந்த ரெண்டும் கிடையாது, அதுக்கு பதிலா கூலன்ட் பைப்ப பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, அது கழண்டு வந்து ரோடு பூரா தண்ணி. எந்த வீட்டுலதான் வாசப்படி இல்ல.

கம்பெனி சர்வீஸ் சென்டர்னா நிம்மதிதான், அத நான் மறுக்கல. சரியான டயக்னாஸ்டிக் மிஷின், ஒரிஜினல் பார்ட்ஸ், விக்கும்போது காட்ட சர்வீஸ் ரெக்கார்ட், ஏர்கோன் போட்ட ரூம்ல காப்பி. ஆனா அங்க மாத்துவாங்க, பழுது பாக்க மாட்டாங்க. என்னோட பழைய ரெண்டு கதவு காடிக்கு (என்ன பிராண்டுன்னு கேக்காதீங்க) ஹெட்லைட் உள்ள தண்ணி பூந்துருச்சுன்னு ஒரு சென்டருக்கு கொண்டு போனேன், முழு செட்டா 9 ஆயிரத்து சொச்சம் வெள்ளின்னு பேப்பர நீட்டினாங்க. வெளிய ஒரு அங்கிள் அத கழட்டி காய வச்சு சீல் போட்டு குடுத்தாரு, 600 வெள்ளி, மூனு வருஷம் ஆச்சு ஒரு சொட்டு இல்ல. ஹெட்லைட்டுக்கே இப்படின்னா சிலிண்டர்ல கோடு விழுந்தா என்ன சொல்வாங்க, முழு எஞ்சின்தான், அந்த கொட்டேஷன பாத்தா காடி வாங்கின விலை ஞாபகம் வரும்.

கம்பெனிக்கு போறதுல உண்மையான லாபம் வாரண்டி நீட்டிக்கறதுதான். போர்ஷ் பல நாட்டுல 111 பாயின்ட் செக் பண்ணி பாஸ் ஆன காடிக்கு, வயசு 15 வருஷம் ஆகற வரைக்கும் வருஷா வருஷம் காசு கட்டி வாரண்டி வச்சுக்க விடுது. 2018 காடி வச்சிருக்கவரு இத எடுக்காம விட்டா எனக்கு கோவம்தான் வரும். ஆனா 2006 காடிக்கு அந்த கதவு எப்பவோ சாத்தியாச்சு, அப்புறம் கம்பெனி விலை மட்டும் குடுத்து கம்பெனி பாதுகாப்பு இல்லாம நிக்கறதுல என்ன பிரயோஜனம்.

இங்க அவன் நடுவுல பூந்து "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல அண்ணே"ன்னான். இத நெறைய பேரு நம்பறாங்க. காடி இன்ஷூரன்ஸ் இடிச்சா, திருடு போனா, எரிஞ்சா குடுக்கும், எஞ்சின் தானா செத்தா ஒரு சென் குடுக்காது. இடிச்சா கூட, பழைய காடிக்கு புது ஒரிஜினல் பார்ட்ஸ் போட்டா பெட்டர்மென்ட்னு ஒரு பங்கு நம்ம தலையில விழும், அஞ்சு வருஷ காடிக்கு 15 சதவீதம், பத்து வருஷமோ அதுக்கு மேலயோ ஆனா 40 சதவீதம். 20 ஆயிரம் வெள்ளி பார்ட்ஸ்னா 8 ஆயிரம் உங்க பாக்கெட். இத தள்ளுபடி பண்ற ஆட்-ஆன் கெடைக்குதான்னு முன்னாடியே கேளுங்க, அதோட வெள்ளத்துக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் தனியா எடுக்கணும், கேஎல்-ல ரெண்டு மணி நேரம் மழை பேஞ்சா இவ்ளோ தாழ்வா உக்காந்திருக்கற காடி என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. மார்க்கெட் வேல்யூ (அன்னைக்கு சந்தை விலை) வேணாம், அக்ரீட் வேல்யூன்னு (முன்கூட்டியே பேசி வச்ச தொகை) கேட்டு வாங்குங்க.

ஹாஃப் கட், அதாவது வெளிநாட்டுலேர்ந்து பாதியா வெட்டி வர்ற பழைய காடி, அத பத்தி பேசினா நம்ம ஆளுங்களுக்கு கண்ணு மின்னும். புரோட்டான் வீராவுல மிட்சுபிஷி ஈவோ எஞ்சின எறக்கின காலத்துலேர்ந்து பொத்தோங் கடை (வெட்டின காடி பார்ட்ஸ் விக்கற கடை) நமக்கு கோயில் மாதிரி. ஜப்பான் காடிக்கு அது புத்திசாலித்தனம்தான், நிஸான் ஜிடி-ஆர் ஆர்35 கியர்பாக்ஸ் போனா புதுசு விலைய கேட்டு மயக்கம் போடறதுக்கு பதிலா நல்ல ஹாஃப் கட் ஒன்னு தேடறதுல தப்பே இல்ல. ஆனா 997 எஞ்சினுக்கு? உங்க எஞ்சின் என்ன வியாதில செத்துச்சோ அதே வியாதி வரக்கூடிய இன்னொரு எஞ்சின வாங்கி வைக்கறீங்க. தவுக்கே (கடை முதலாளி) ஸ்டார்ட் பண்ணி காட்டுவாரு, சத்தம் சுத்தமாதான் இருக்கும், பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டா மேல பளபளன்னு தெரியும், கோடு கீழ் பக்கம் விழுந்திருந்தா சம்ப் (எஞ்சின் அடியில இருக்கற எண்ணெய் தட்டு) கழட்டி கீழேர்ந்து பாத்தாதான் நல்லா தெரியும், அதுக்கு எத்தன தவுக்கே ஒத்துக்குவாரு. கேரண்டி ஒரு வாரம்னு சொல்வாங்க, ஃபிட்டிங் கூலி அதுல சேராது. இன்னொரு தொல்லை, எஞ்சின் நம்பர் ஜேபிஜே-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிஞ்சிருக்கு, எஞ்சின் மாத்தினா கஸ்டம்ஸ் பேப்பர், கடை ரசீது எல்லாம் வச்சு இன்ஸ்பெக்‌ஷன் போய் நம்பர மாத்தணும், பேப்பர் இல்லாத எஞ்சின் எவ்ளோ மலிவா கெடைச்சாலும் தொடாதீங்க. கதவு, சீட்டு, ரேடியேட்டர், ஹெட்லைட், இதுக்கெல்லாம் பொத்தோங் கடைக்கு தாராளமா போங்க, எஞ்சினுக்கு நான் போக மாட்டேன்.

மிச்சம் இருக்கறது வெளி வொர்க்‌ஷாப். இங்கதான் அதிகமா மிச்சம் பிடிக்கலாம், அதிகமா ஏமாறலாம். போர்ட்ல "யூரோப்பியன் ஸ்பெஷலிஸ்ட்"னு இருக்கும், உள்ள பாத்தா பத்து பிஎம்டபிள்யூ, அஞ்சு பென்ஸ். படுத்த மாதிரி இருக்கற ஆறு சிலிண்டர் எஞ்சின எத்தன தடவ பொளந்திருக்கீங்க பாஸ், கடைசியா செஞ்ச காடியோட ஓனர்கிட்ட பேசலாமான்னு நேரா கேளுங்க, நல்லா செய்யறவரு சந்தோஷமா நம்பர் குடுப்பாரு. சிலிண்டர எப்படி சரி பண்றாருங்கறதுதான் முக்கியம். வெறும் பிஸ்டன் ரிங் மாத்தி மூடினா ஆறு மாசத்துல திரும்ப அதே டிக் டிக், உள்சுவர எடுத்துட்டு நிக்கசில் (தேயாத உலோகப் பூச்சு) பூசின புது லைனர் போடணும். அமெரிக்காவுல எல்என் எஞ்சினியரிங், இங்கிலாந்துல ஹார்டெக்னு இதுக்கே பேர் வாங்கின கடைங்க இருக்கு, லைனர அங்கேர்ந்து வரவழைச்சாலோ எஞ்சின் கேஸ (வெளிக்கூட்ட) அங்க அனுப்பினாலோ மாசக்கணக்குல ஆகும். எஞ்சின எறக்கினதோட கிளட்ச், பின் சீல், ஐஎம்எஸ் எல்லாத்தையும் பாத்துடுங்க, திரும்ப எறக்கற கூலி மிச்சம்.

நான் ஒரு தடவ மாட்டினேன், பழைய காடியிலதான். ஒரு கடையில பாதி காசு முன்பணம் குடுத்தேன், நடுவுல ஃபோர்மேன் (மெக்கானிக்) வேலைய விட்டு போயிட்டாரு, என் எஞ்சின் மூனு பிளாஸ்டிக் டப்பாவுல ஏழு மாசம், எந்த போல்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. அதுலேர்ந்து கழட்டினதும் ஒரு பங்கு, மிஷின் வேலை முடிஞ்சதும் ஒரு பங்கு, ஓட்டி பாத்த பிறகு கடைசி பங்கு, வாராவாரம் படம், பழைய பார்ட்ஸ் என் கையில, இத ஒத்துக்காதவர்கிட்ட சாவிய குடுக்கறதே இல்ல.

ஆக என் ஓட்டு: வாரண்டிக்குள்ள இருக்கற வயசுன்னா கண்ண மூடிட்டு கம்பெனி, 2006 மாதிரி காடின்னா நல்ல வெளி ஆளு, அதுவும் வாங்கறதுக்கு முன்னாடியே அவர தேடி வச்சிருந்தா மட்டும். இத கேட்டுட்டு அவன் ஒரு ஃபோர்மேன கூட்டிட்டு கெப்போங்குக்கு காடி பாக்க போனான். சம்ப் கழட்டி கேமரா விடலாமான்னு கேட்டிருக்கான். விக்கறவரு "டெஸ்ட் டிரைவ் பத்து தடவ வேணா போங்க, அடியில கை வைக்காதீங்க"ன்னுட்டாரு. அதோட வந்துட்டான்.

இப்போ சிரம்பான்ல ஒரு 2010 கரெரா இருக்காம், அது போர்ஷ் டிசைன மாத்தி விட்ட புது எஞ்சின், ஐஎம்எஸ் பேரிங்கே கிடையாது, ஓனரும் சம்ப் கழட்ட சரின்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை போறோம். அது 3,614 சிசி, ரோட் டேக்ஸ் 4,893 வெள்ளி, காடியே இன்னும் வாங்கல, அதுக்குள்ள 945 வெள்ளி மிச்சம் புடிச்சிட்டேன்னு அத்தைகிட்ட கணக்கு சொல்லிட்டிருக்கான்.