புளோரன்ஸுக்கு வாடகைக் காரில் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

இந்தக் கோடையில் இத்தாலிக்குக் கிளம்புகிறவர்கள், அதிலும் புளோரன்ஸில் காரோடு தங்கப் போகிறவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். 2023 ஜூன் மாதம் நாங்கள் அங்கே தங்கியது மூன்று இரவு. அந்த மூன்று இரவுக்கான கடைசிப் பணத்தைக் கட்டி முடித்தது 2024 ஏப்ரலில்.

நான், மனைவி, அப்பா, அம்மா என்று நான்கு பேர். அப்பாவுக்கு அப்போது 71 வயது, முழங்கால் வலி உண்டு. பழைய நகரத்துக்குள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கல் பாவிய தெருக்களில் அவரை நடக்கவைக்க மனம் வரவில்லை. அதனால்தான் பீசா விமான நிலையத்தில் கார் எடுத்தோம். தங்கும் வீட்டையும் அதற்காகவே தேர்ந்தெடுத்தோம். ஆர்னோ ஆற்றின் தென்கரையில், ஓல்த்ரார்னோ பகுதியில் இருந்த வீடு. 'காரில் வருபவர்களுக்கு வசதியானது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

புளோரன்ஸின் நடுப்பகுதிக்குள் எல்லாக் கார்களும் போக முடியாது என்பது எனக்கு ஓரளவு தெரியும். இசட்.டி.எல். என்பார்கள். போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி என்று அர்த்தம். நுழைவாயில்களில் தடுப்பும் இருக்காது, ஆளும் இருக்காது. கேமரா மட்டும் இருக்கும். அனுமதிப் பட்டியலில் இல்லாத வண்டி நுழைந்தால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். உங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்காது, யாரும் நிறுத்த மாட்டார்கள். தப்பு செய்தோம் என்பதே மாதக்கணக்கில் தெரியாது.

இது தெரிந்ததால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டேன். "கவலை வேண்டாம், கார் எடுத்ததும் நம்பரை அனுப்புங்கள், நகராட்சியில் நானே பதிவு செய்துவிடுகிறேன், அதற்கு 20 யூரோ" என்று பதில் வந்தது. ஜூன் 22, வியாழக்கிழமை மதியம் பீசாவில் கார் கைக்கு வந்ததுமே நம்பர் பிளேட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் 'துத்தோ அ போஸ்தோ' என்று பதில். எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

அதை நம்பி உள்ளே போனோம். ஒருவழிப் பாதை ஒன்றில் திருப்பத்தைத் தவறவிட்டு, வெளியே போய், சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தோம். வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் சிரித்த முகமாக அப்பாவின் பெட்டியை வாங்கிக்கொண்டார். 20 யூரோவை ரொக்கமாக வாங்கினார். ரசீது கேட்டேன், பிறகு தருகிறேன் என்றார். நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. மறுநாள் சியன்னா போய்விட்டு மாலை ஆறரை மணிக்குத் திரும்பினோம், அதே தெரு வழியாக.

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அதைச் சொல்லாமல் போனால் அந்த ஊருக்கு அநியாயம். அக்காதெமியா அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையின் முன் அப்பா முக்கால் மணி நேரம் நின்றார். 1504இல் முடிக்கப்பட்ட சிலை, 5.17 மீட்டர் உயரம். படத்தில் பார்க்கும்போது அந்த உயரம் பிடிபடாது. புரூனெல்லெஸ்கி எழுப்பிய பேராலயக் கவிமாடத்துக்கு 463 படிகள். நானும் மனைவியும் ஏறினோம். கீழே, பேராலயத்தின் தெற்குப் பக்கத்தில், புரூனெல்லெஸ்கி உட்கார்ந்து தான் கட்டிய கவிமாடத்தையே அண்ணாந்து பார்ப்பதுபோல் ஒரு சிலை உண்டு. நாங்கள் இறங்கி வந்தபோது அப்பாவும் அந்தச் சிலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் 24 அந்த ஊரின் காவல் புனிதரான யோவானின் திருநாள். இரவு பத்து மணிக்கு மைக்கேலாஞ்சலோ சதுக்கத்திலிருந்து வாணவேடிக்கை விட்டார்கள். ஆற்றின் வடகரைச் சுவரோரம் நின்று பார்த்தோம். அம்மா இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஊரின் மேற்கு ஓரத்தில் உள்ள கஷீனே பூங்காவுக்குப் போனோம். வரும்போதே வழிகாட்டிப் பலகையில் 'இந்தியானோ' என்ற சொல்லைப் பார்த்த அப்பா அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐரோப்பியப் பயணம் வந்த கோலாப்பூர் அரசர் ராஜாராம் 1870இல் புளோரன்ஸில் இறந்துபோனார். இரண்டு ஆறுகள் கூடும் அந்த இடத்தில்தான் அவரைத் தகனம் செய்தார்கள். அங்கே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. பக்கத்துப் பாலத்துக்கும் அதனால்தான் 'இந்தியர்' என்று பொருள்படும் அந்தப் பெயர். நம் நாட்டவர்கள் அதிகம் போகாத இடம். போய் வாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் என் கிரெடிட் கார்டிலிருந்து 50 யூரோ வீதம் மூன்று முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தது கார் வாடகை நிறுவனம். கேட்டால், போக்குவரத்து விதிமீறல் தொடர்பாகக் காவல்துறைக்கு உங்கள் பெயர், முகவரி கொடுத்ததற்கான சேவைக் கட்டணம் என்றார்கள். இதைத்தான் அபராதம் என்று நினைத்து, சனியன் தொலைந்தது என்று இருந்துவிட்டேன். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது அபராதம் இல்லை. அபராதம் தனியாக வரும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அதை அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு.

மார்ச்சில் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. வியாழக்கிழமை இரண்டு முறை, வெள்ளிக்கிழமை ஒரு முறை, ஆக மூன்று நுழைவுக்கு மூன்று அபராதம். திருப்பத்தைத் தவறவிட்டுச் சுற்றி வந்தோமே, அதுவும் கணக்கில் இருந்தது. ஒவ்வொன்றும் 83 யூரோ, அதோடு தபால், விசாரணைச் செலவுகள் சேர்ந்து நூறைத் தாண்டியது. ஐந்து நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, 83 என்பது 58 யூரோ 10 சென்ட் ஆகிவிடும்.

அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மூன்று தாள்களையும் படமெடுத்து அனுப்பினேன். "கட்டாதீர்கள். ஏதோ கணினிக் கோளாறு. நான் அலுவலகத்தில் பேசி ரத்து செய்ய வைக்கிறேன்" என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார். தள்ளுபடி நாட்கள் அப்படியே ஓடிப்போயின. பதினோராவது நாள், "விசாரித்தேன், ஒன்றும் செய்ய முடியாதாம்" என்று ஒரு வரி. பதிவு செய்ததற்கான ஆதாரத்தைக் காட்டுங்கள் என்றேன். அதற்குப் பதிலே இல்லை. அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

எனக்கு அதிகம் வலித்தது அந்தப் பதினோரு நாள்தான். முதலில் பதிவு செய்ய மறந்திருந்தால் அதை மன்னிக்கலாம். பதிவே செய்யவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தே எங்களைக் காக்கவைத்து, குறைந்த தொகையில் முடிக்கும் வாய்ப்பையும் பறித்தார்.

மேல்முறையீடு செய்யலாமா என்று பார்த்தேன். மாவட்ட அதிகாரியான பிரெஃபெத்தோவிடம் 60 நாளுக்குள் மனு போடலாம். ஆனால் அவர் நிராகரித்தால் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒரு வாட்ஸ்அப் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. கட்டிவிட்டேன். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 485 யூரோ. நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தங்குமிடங்கள் விருந்தினரின் கார் எண்ணை நகராட்சிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்மையில் உண்டு. ஆனால் அது வந்து பெட்டியை இறக்குவதற்கும் கிளம்புவதற்கும்தான். தங்கும் நாளெல்லாம் இஷ்டப்படி போய்வர அனுமதி இல்லை. அதாவது வீட்டுக்காரர் ஒழுங்காகப் பதிவு செய்திருந்தாலும் எங்கள் வெள்ளிக்கிழமை நுழைவு மாட்டியிருக்கும். அதையும் அவர் சொல்லவில்லை. பதிவு செய்த ஆதாரத்தை, உங்கள் கார் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி, உள்ளே நுழைவதற்கு முன்பே படமாக வாங்கிக்கொள்ளுங்கள். தரத் தயங்கினால் வண்டியை வெளியே நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் கட்டண கராஜ்களும் வாடிக்கையாளர்களின் எண்ணைப் பதிவு செய்து தருகின்றன. அங்கேயும் அதே ஆதாரத்தைக் கேளுங்கள்.

வழிகாட்டும் செயலியை நம்பவே வேண்டாம், எங்களை நேராக உள்ளே கொண்டுபோனது அதுதான். இன்னொன்று, பல இத்தாலிய நகரங்களில் நுழைவாயிலில் 'வார்கோ அத்தீவோ' என்று சிவப்பில் ஒளிரும். வாயில் இயங்குகிறது என்பதால் திறந்திருக்கிறது, போகலாம் என்று தோன்றும். அர்த்தம் நேர்மாறு. கேமரா வேலை செய்கிறது, போகாதே.

காரே வேண்டும் என்றால் வில்லா கொஸ்தான்சா என்ற இடத்தை நினைவில் வையுங்கள். ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேராக உள்ளே போகும் வாகன நிறுத்தம் அது. அங்கேயே டி1 ட்ராம் நிற்கும், நடுநகரின் சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு டாக்ஸி. அப்பாவுக்கும் அது சுலபமாக இருந்திருக்கும். சியன்னாவில் நாங்கள் வெளியே நிறுத்திவிட்டு நகரும் படிக்கட்டிலேயே பழைய ஊருக்கு ஏறினோம். அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

நேற்று அந்த வீட்டின் விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். புதிய படங்கள் சேர்த்திருக்கிறார்கள். 'காரில் வருபவர்களுக்கு வசதியானது' என்ற வரி அப்படியே இருக்கிறது.